ரெட் கார்டு கொடுத்தவர்

“இந்த ஆள் இனிமே எந்த மைதானத்துலயும் விசில் ஊதக் கூடாது. அப்படித்தான் எழுதியிருக்கேன்” என்றார் கண்டக்டர்.

பஸ் டிப்போவின் ஓய்வறை. காலை ஷிஃப்ட் முடித்தவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நடுவில் புகார் மனு.

நேற்று கால்பந்து பிளே-ஆஃப் ஆட்டத்தில் எங்கள் டிப்போ அணி தோற்றுவிட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக இருந்த ஆட்டம். இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் தடுப்பாட்டக்காரனுக்கு ரெஃபரி ரெட் கார்டு காட்டி வெளியே அனுப்பினார். மீதியைப் பத்துப் பேராக ஆடி, கடைசி நிமிடத்தில் கோல் வாங்கினோம்.

வெளியே போன தடுப்பாட்டக்காரன் என் மனைவியின் தம்பி. இதே டிப்போவில் மெக்கானிக். நான் பஸ் நேரம் குறிக்கும் டைம்கீப்பர். ஆட்ட நாளில் அணியின் முதலுதவிப் பையும் என் தோளில்தான்.

“ரெஃபரியை மட்டும் சொல்லி என்ன?” என்றார் டிரைவர். “நம்ம கோல்கீப்பர் காலை விரிச்சு நின்ன நிலைக்கு நடுவுல பஸ்ஸையே ஓட்டிட்டுப் போயிருக்கலாம். பந்து போகாதா?”

“நீங்க யார் கட்சி?”

“நியாயத்தைச் சொல்றேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் பெனால்டியை ஆகாசத்துக்கு அடிச்சாரே, அதுவும் ரெஃபரி தப்பா?”

“அது காத்து.”

“அப்ப காத்து மேலயும் ஒரு வரி சேர்த்துக்குங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. மனுவை என் பக்கம் நகர்த்தினார்.

“பத்தொன்பது கையெழுத்து ஆயிடுச்சு. ஆனா உங்களோடதுதான் எடுபடும். பக்கத்துல நின்னவர் நீங்க. தன்னைக் கெட்ட வார்த்தையில திட்டினான்னு அந்த ஆள் ரிப்போர்ட் கொடுத்திருக்கார். உங்க மச்சான் திட்டினானா?”

“இல்லை.”

“அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போதும். பொய் ரிப்போர்ட்டுன்னு ஆயிட்டா ஆயுசுக்கும் அவர் விசிலைத் தொட முடியாது.”

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

“மச்சானுக்காக ஒரு கையெழுத்து. அதுக்கு இவ்வளவு யோசனையா?” என்றார் டிரைவர். “விஷயம் தெரிஞ்சா தங்கச்சி உங்களுக்குச் சோறு போடுமா?”

“அவன் திட்டலை. ஆனா ஒண்ணு சொன்னான்” என்றேன்.

“என்ன சொன்னான்?”

“ரெஃபரி அவன்கிட்ட, ‘ஸ்கோர் என்னப்பா?’ன்னு கேட்டார். இவன், ‘மழை நின்னுடுச்சா சார்?’னான்.”

டிரைவர் சிரித்துவிட்டார். நேற்று மழையே பெய்யவில்லை என்பது பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினார்.

“கார்னர் கிக்ல ரெண்டு பேர் தலை மோதிச்சே, அதுல பட்ட அடி. கார்டைக் காட்டின கையோட ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அந்த ரெஃபரிதான். பின்பக்க கேட் வழியா ஏத்திட்டுப் போனோம்.”

“எங்களுக்குத் தெரியவே இல்லையே?”

“நீங்க எல்லாரும் அவரைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க.”

“இப்ப எப்படி இருக்கான்?” என்றார் டிரைவர், நாற்காலியை என் பக்கம் இழுத்தபடி.

“தலைக்குள்ள ரத்தக் கசிவு. இன்னொரு தடவை பந்தைத் தலையால முட்டியிருந்தா எங்க கையில எதுவும் இருந்திருக்காதுன்னாங்க டாக்டர். இன்னிக்குக் காலையிலதான், இனிமே பயமில்லைன்னு சொன்னாங்க. கண்ணைத் திறந்து அக்காகிட்ட காபி கேட்டான். அந்த ரெஃபரி மட்டும் இல்லைன்னா இந்நேரம் நாம இப்படி உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.”

கண்டக்டர் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனாலும் மனம் ஆறவில்லை.

“அடிபட்டவனை வெளியே போய் உட்காருன்னு சொன்னாப் போதாதா? எதுக்கு ரெட் கார்டு?”

“சொன்னார். ரெண்டு தடவை வெளியே அனுப்பினார். நம்மகிட்ட மாத்து ஆள் தீர்ந்து போச்சு. அதனால ரெண்டு தடவையும் திரும்ப உள்ளே வந்துட்டான். ரெட் கார்டு வாங்கினவன் மட்டும்தான் திரும்பி வர முடியாது.”

“அவன் உள்ளே வந்தப்ப நான் எழுந்து நின்னு கை தட்டினேன்” என்றார் டிரைவர், தரையைப் பார்த்தபடி.

கண்டக்டர் மனுவைக் கிழித்துப் போட்டார். ஒரு புதுத் தாளை எடுத்தார்.

“சரி. ரெஃபரியை விடுங்க. தலையில அடிபட்டவனை ‘ஆடலாம்’னு சொல்லி உள்ளே தள்ளினது யாரு? கோச்சா, கேப்டனா? இது கொலைக்குச் சமம். அந்த ஆள் மேல எழுதறேன்.”

“ரெஃபரி அதை ரிப்போர்ட்ல எழுதியிருக்கணும்” என்றேன். “எழுதியிருந்தா அவர் மேல யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் மனைவி என் தோள்ல சாய்ஞ்சு அழுதுக்கிட்டு இருந்தா. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ‘என்னைத் திட்டினதாவே எழுதிடறேன். நீங்க இவங்களைப் பார்த்துக்குங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

“தன் தலையில தானே எதுக்கு மண்ணை வாரிப் போட்டுக்கிட்டார்? அப்படி யாரைக் காப்பாத்தணும் அவருக்கு?”

நான் தாளை வாங்கினேன். ‘ஆடலாம் என்று சொல்லி உள்ளே அனுப்பியவர்’ என்று எழுதி, அதற்கு நேரே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.