கம்பளி உறை

ரொடோப்பி மலையில் நேற்று பெய்த மழை இன்னும் கல் கூரையிலிருந்து சொட்டுகிறது. முற்றத்தில் நின்று வல்கன் கைடா என்னும் தோல்பை வாத்தியத்தை ஊதுகிறார். முழு ஆட்டுத்தோலில் செய்த பை அவர் கக்கத்தில் உப்பி நிற்கிறது. தலை இருந்த இடத்திலும் முன்னங்கால்கள் இருந்த இடத்திலும் குழல்கள். பைக்கு எப்போதும் போட்டிருக்கும் கம்பளி உறை நனைந்துபோய்க் கொடியில் காய்கிறது. மகள் செவ்தா புகுந்த வீட்டுக்குப் புறப்படுகிறாள். சிவப்புக் கட்டம் போட்ட முன்துணி, இடுப்பில் வெள்ளிக் கொக்கி, மார்பில் காசுமாலை. அவள் படலைத் தாண்டும்வரை இசை நிற்கக் கூடாது. “சம்பந்தி, மூச்ச விட்டுராதீங்க!” என்று மாப்பிள்ளையின் தாய் சிரிக்கிறாள். விடைபெற வந்த செவ்தா, முத்தமிட அப்பாவின் கை கிடைக்காமல், பையின் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். கை அங்கேயே நின்றுவிடுகிறது. விலாப்பக்கம் கோணலாக ஒரு வடு. சின்ன வயதில், வேலி கிழித்த தன் ஆட்டுக்குட்டிக்கு அழுதுகொண்டே அவள் போட்ட தையல். ஓநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று பிறகு அப்பா சொன்ன அதே குட்டி. வல்கனின் கண்கள் கொடியில் காயும் உறைக்கு ஓடுகின்றன. காசுமாலை குலுங்க அவள் அவர் காதருகே குனிகிறாள். “ஓநாய் ரொம்பப் பக்குவமா உரிச்சிருக்கேப்பா.” பதில் சொல்ல வேண்டிய வாயில் குழல் இருக்கிறது. அவள் திரும்பிப் பார்க்காமல் படலை நோக்கி நடக்கிறாள். அவர் பையை அழுத்துகிறார். அந்த வடுவில் பொட்டுக் காற்றுகூடக் கசியவில்லை. பிள்ளை அவ்வளவு நன்றாகத் தைத்திருக்கிறாள்.