தாய்மாமன் இன்னும் வரவில்லை

"ஒந் தம்பிக்கு இன்னொரு தடவை போன் போட்டுப் பாரு. ஆசாரி வந்து உக்காந்தாச்சு" என்றான் முத்துராமன்.

"நான் போட மாட்டேன். மருமக மேல பாசம் இருந்தா தானா வருவான்" என்று வெடுக்கென்று சொன்னாள் அன்புச்செல்வி. சொன்னாளே தவிர, முந்தானைக்குள் போனை மறைத்துக்கொண்டு காலையிலிருந்து அதே வேலையாகத்தான் இருந்தாள். மணி அடிக்கிறது, எடுக்கத்தான் ஆளைக் காணோம்.

மகள் வைஷ்ணவிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குத்தினால் ஊர் என்ன பேசும்? ஊர் கிடக்கட்டும், அவளுக்கே ஆறாது. கூடப் பிறந்தவன் ஆத்மநாதன் ஒருத்தன்தான்.

அவன் கோபத்துக்குக் காரணமும் இவள்தான். வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்க வேண்டியவனுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகையைத் தட்டிவிட்டாள். "தாய்மாமனுக்கும் பார்வேர்டு மெசேஜ்தானா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தியவன், இன்றுவரை வாய் திறக்கவில்லை.

"லீவு கெடைச்சிருக்காது. அவன் ஆபீஸ்ல ஒரு நாள் லீவுக்குக் கால்ல விழணும்" என்று மச்சானுக்காக வக்காலத்து வாங்கினான் முத்துராமன். அறந்தாங்கிப் பக்கம் குடிநீர் வாரியத்தின் ஒரு திட்டத்தில் ஆத்மநாதன் ஆபரேட்டர்.

"அக்கா மகளை விட வேலை பெருசாக்கும்" என்றாள்.

இன்றைக்கு அவளுக்கிருந்த ஒரே நிம்மதி, வாடை இல்லாததுதான். எதிர்ப்பக்கம் அதே வாரியத்தின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம். அதில் குளோரின் சிலிண்டர் வைக்கிற அறையின் பின்சுவர் இவர்கள் வாசலைப் பார்த்து நிற்கிறது. சுவரின் அடியில், தரையை ஒட்டி ஒரு பெரிய ஓட்டை. காற்றடிக்கும்போதெல்லாம் அதிலிருந்து வருகிற நெடியில் மூக்கெரிந்து போகும்.

அங்கே ஆபரேட்டராக இருக்கும் பெலிக்ஸிடம் போன மாதம் சண்டைக்கே போனாள். "ஓட்டையை மேல வச்சா என்ன கேடு?" என்று கேட்டாள்.

"குளோரின் காத்தை விடக் கனம்க்கா. கசிஞ்சா தரையிலதான் தேங்கும். காத்தை வெளிய தள்ளுற பேனு ரிப்பேராகிக் கெடக்கு, எழுதி எழுதிப் பாத்தாச்சு, எவனும் எட்டிக்கூடப் பாக்கல. இந்த ஓட்டை ஒண்ணுதான் எங்களுக்கு உசுரு" என்றான் அவன்.

"ஒங்க உசுரு ஒசத்தி, எங்க மூக்கு எளக்காரமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

இவனிடம் பேசிப் பலனில்லை என்று, இன்று காலை பந்தல்காரர்களை விட்டு அந்த ஓட்டையில் ஈரச் சாக்கைத் திணிக்கச் சொன்னாள். அதற்கு மேல் காதுகுத்து பிளக்ஸை இழுத்துக் கட்டியாயிற்று. மீமிசலிலிருந்து வேன் பிடித்து வருகிற சொந்தபந்தம் மூக்கைப் பொத்திக்கொண்டா சாப்பிடும்? ஒரே ஒரு நாள்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது.

சண்டை போட்டவள்தான் என்றாலும் முறைக்காகப் பெலிக்ஸையும் அழைத்திருந்தாள். அவனும் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல், பந்தி நடக்கிற கொல்லைப்பக்கமாகவே வந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டான். பளிச்சென்று வெள்ளைச் சட்டை வேறு.

"என்னக்கா, தம்பி வரலைன்னு மொகம் வாடியிருக்கு? வந்துருவாரு, பதறாதீங்க."

"நீ கண்டியாக்கும்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான்.

சாம்பார் வாளி அவன் இலைக்கு வருவதற்குள் போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தவன், எச்சில் கையோடு எழுந்து ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் ஒரே கூச்சல். அன்புச்செல்வி ஓடிப்போய்ப் பார்த்தாள். பெலிக்ஸும் வாட்ச்மேனும் பிளக்ஸைக் கிழித்தெறிந்துவிட்டு, சாக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நெடி முகத்தில் அறைந்து அவள் கண்ணில் நீர் கொட்டியது.

"நல்ல நாளும் அதுவுமா பிளக்ஸை ஏன்யா கிழிக்கிறீங்க?"

"இதை அடைச்சது யாருக்கா?" இருமிக்கொண்டே கேட்டான் பெலிக்ஸ்.

"நாந்தான். ஒரு நாளைக்கு அடைச்சா என்ன, குடியா முழுகிருச்சு?"

"சிலிண்டர் மாத்தப் போன ஆளு உள்ள விழுந்துட்டாருக்கா. இப்பத்தான் தூக்கி வெளிய போட்டுருக்காக. பேச்சு மூச்சு இல்ல."

அவளுக்குத் திக்கென்றது. ஆனால் சொந்தபந்தம் மொத்தமும் பந்தியை விட்டு எழுந்து வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. அத்தனை பேர் முன்னால் பழியைத் தலையில் வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. என்னத்தையாவது சொல்லித் தப்பிக்கத்தான் பார்த்தாள்.

"அந்தாளு பாத்துப் பதனமா வேலை செஞ்சிருக்கணும். எம்பிள்ளை விசேஷத்தன்னைக்குத்தானா வந்து விழணும்? கூடப் பொறந்தவன் பக்கத்துல இல்லைன்னு நெனச்சுத்தானே என்னைய நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேள்வி கேக்குறீங்க. என் தம்பி மட்டும் இங்கிட்டு இருந்திருந்தா, ஒரு வார்த்தை பேச விட்டிருப்பானா?"

பெலிக்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"லீவு கெடைக்கல. குத்துற நேரத்துக்கு ஓடியாந்து மருமகளை மடியில வைக்கலாம்னு, டூட்டி மாத்திக்கிட்டு எனக்குப் பதிலா இன்னிக்கு இங்க வந்தது உங்க தம்பிதான்க்கா."