கீறல் விழும் கல்

நல்லகண்ணு கட்டைவிரல் நகத்தைக் கல்லில் அழுத்திக் கீறினார். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"இது போதும். இதையே அறுத்துரும்."

கடைக்காரர் பீர் மைதீனுக்குப் பொறுக்கவில்லை. கீறல் விழவில்லை என்று பார்த்துத்தான் ஜனங்கள் சமையல் மேடைக்குக் கல் வாங்குவார்கள். இந்த மனிதர் காலையிலிருந்து கடையில் சாத்தியிருந்த கிரானைட்டையெல்லாம் கீறிப் பார்த்து, கீறாததையெல்லாம் வேண்டாமென்று தள்ளிவிட்டு, மூலையில் கிடந்த மாக்கல்லுக்கு வந்திருந்தார்.

"சார், இது கல்சட்டி செய்யுற கல்லு. கேரளாக்காரர் ஒருத்தர் ஆர்டர் குடுத்துட்டு எடுக்காமப் போனது. சூடு தாங்கும், கறை பிடிக்காது, எல்லாம் சரி. ஆனா பூஞ்சைக் கல்லு. கத்தி பட்டா கோடு, சட்டிய இழுத்தா கோடு."

"தெரியும்வே."

"பீர் மைதீன் குடுத்த கல்லு கீறிப்போச்சுன்னு நாளைக்குத் தென்காசி பூராவும் பேசும்."

"நான் பேச மாட்டேன்."

"வீட்டம்மா பேசுவாங்கள்லா? அவங்களக் கூட்டிட்டு வாங்க. சமைக்கிறவங்க வந்து கல்லுல கை வைக்காம நான் மெஷினப் போடுறதில்ல."

அது அவர் கடை வழக்கம். மேடையின் உயரத்தைக்கூட அந்தப் பெண் நின்று காட்டினால்தான் குறித்துக்கொள்வார். ஆயுசுக்கும் அங்கே நிற்கப்போகிறவள் அவள்தானே.

"அவ வர மாட்டா."

"ஏன் சார்?"

"நீரு கல்லு விக்கீரா, எங்க வீட்டு விவகாரம் விசாரிக்கீரா? வெள்ளிக்கிழமை மவன் வாரான். அதுக்குள்ள மேடையில அடுப்பு ஏறணும். இல்லன்னா எல்லாம் கெட்டுது."

எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. அளவு எழுதிய தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பீர் மைதீன் முதல் தடவையாகத் தன் வழக்கத்தை மீறினார்.

"அந்தம்மா பாவம்லே. அடுப்பங்கரைக் கல்லக்கூட அவங்க இஷ்டத்துக்கு எடுக்க முடியல."

"போலீஸ்காரர் வீடுல்லா முதலாளி," என்றான் கல் அறுக்கும் பேச்சிராஜ். "வீட்டுக்குள்ளயும் லாக்கப்புதான்."

மூன்றாம் நாள் மேலகரத்தில் அவர் வீட்டுக்குப் போய்க் கல்லைப் பதித்தார்கள். வெளியே சாரல். பழைய மேடையின் கறுப்பு கிரானைட் பெயர்க்கப்பட்டு முற்றத்தில் நனைந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

வீட்டம்மா கண்ணில் படவே இல்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. டீயைக்கூட நல்லகண்ணுதான் கடையிலிருந்து வாங்கிவந்தார்.

"அம்மாவ ஒருதடவ வந்து பாக்கச் சொல்லுங்க சார்."

"நீங்க கெளம்புங்க. அப்புறமா வருவா."

பீர் மைதீன் ஒரு கட்டு உப்புத்தாளை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

"கோடு விழுந்தா இத வெச்சுத் தேய்ங்க. அழிஞ்சிரும்."

நல்லகண்ணு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போதுதான் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை விட்டுவந்தது தெரிந்தது. பீர் மைதீன் திரும்பிப் போனார். அடுப்பங்கரை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

நல்லகண்ணு ஒரு கையில் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஸ்க்ரூ டிரைவரால் புதுக் கல்லில் ஆழமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"சார், என்ன காரியம் செய்யுதீங்க!" என்றார் பீர் மைதீன் தணிந்த குரலில்.

நல்லகண்ணு நிமிரவில்லை. கல்தூளை வாயால் ஊதினார். "வள்ளி, வா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

கதவு திறந்தது. ஆனந்தவள்ளி சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். கண்கள் திறந்துதான் இருந்தன, எதையும் பார்க்கவில்லை. வலது மணிக்கட்டில் ஆறிக்கொண்டிருந்த தீக்காயம். மேடையைத் தொட்டதும் உள்ளங்கையைக் கல்லில் வைத்தார்.

"ஒத்தைக் கோடு."

"அதத் தாண்டாத. அதுக்கு அங்கிட்டு அடுப்பு."

விரல்கள் நகர்ந்தன. "ரெட்டைக் கோடு?"

"கத்தி. எப்பவும் அங்கனதான் இருக்கும்."

"இந்தக் குழி?"

"உப்பு."

"சீனிக்கு ஒண்ணும் போடலியா?"

"உன் கண்ணத் தின்னதே அதுதான். அதுக்கு இங்கன எடம் கெடையாது."

ஆனந்தவள்ளி சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "யாரோ நிக்காவ."

"கல்லுக்கடை பாய்."

"அண்ணாச்சி, இவுகளக் கோவிச்சுக்கிடாதீங்க. நான்தான் கடைக்கு வர மாட்டேன்னுட்டேன். தடவிக்கிட்டு நிக்கத நாலு பேரு பாப்பாங்க."

நல்லகண்ணு ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். "பழைய கல்லுல கீறிப் பாத்தேன் பாய். இறங்கல. டேப்பு ஒட்டினா எண்ணெயில பிஞ்சு வந்துருது."

"மவன் என்னைய அடுப்பத் தொடக் கூடாதுங்கான்," என்றார் ஆனந்தவள்ளி. "கை சுட்டதுலேருந்து, வீட்டப் பூட்டிட்டு சென்னைக்கு வாங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கான். வெள்ளிக்கிழமை நானே சொதி வெச்சு அவனுக்குப் பரிமாறிட்டேன்னா, அப்புறம் என்ன பேசுவான்?"



ஆனந்தவள்ளியின் விரல் மறுபடி ஒற்றைக் கோட்டுக்கு வந்து நின்றது. "தேச்சுத் தேச்சுக் கழுவுனா இது போயிருமா அண்ணாச்சி?"

"போகாதும்மா. ஆழமாத்தான் போட்டிருக்காரு."

பீர் மைதீன் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டார். ஜன்னலில் இருந்த உப்புத்தாள் கட்டையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, சாரலில் இறங்கி நடந்தார்.