தண்ணிக்குப் பயந்த வள்ளக்காரர்

"எனக்குத் தண்ணியக் கண்டா பயம். அந்தத் திட்டுல புரை கெட்டினா நான் வரமாட்டேன்" என்றார் ஞானையன்.

வள்ளக்காரர்கள் கூட்டம் அது. எல்லாரும் சிரித்தார்கள் பாருங்கள், தென்னையில் இருந்த காக்கையெல்லாம் பறந்துபோயிற்று.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தேங்காய்ப்பட்டணத்துக்கும் குளச்சலுக்கும் முப்பது வருஷமாக வள்ளம் ஊன்றுகிற மனுஷர் சொல்கிற பேச்சா இது?

திருவிதாங்கூர்-கொச்சியோடு இருப்பதா, தமிழ்நாட்டோடு சேர்வதா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த காலம். வள்ளக்காரர்களுக்குள் அதில்கூடச் சண்டை இல்லை. வந்த சண்டையெல்லாம் இந்தப் புரையால்தான்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை இருபத்திரண்டு வள்ளக் குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட, நாலு பக்கமும் திறந்த ஒரு பொது ஓலைப்புரை கட்ட வேண்டும். ஆற்று நடுவே இருக்கிற மணல்திட்டுதான் இடம். நல்ல காற்று, அவரவர் வள்ளத்தில் போய் இறங்கிக்கொள்ளலாம் என்று தலைவர் குமாரதாஸ் முடிவு சொல்லியாயிற்று. மீன்கறி வைப்பது பூங்கனி என்பதும் முடிவாயிற்று. அவள் கைப்பக்குவத்துக்கு அந்தக் கரையில் எதிர்ப்பேச்சு கிடையாது.

"வச்சுத் தாறேன், கொண்டுபோய்த் தின்னுங்க. எனக்கு வர ஒழியாது. ஆடும் கோழியும் கெடக்கு" என்று பூங்கனியும் சொல்லிவிட்டாள்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, ஞானையன் இப்படி ஒரு குண்டைப் போட்டார்.

"ஓய், நேத்துகூட குளச்சலுக்குக் கயிறு திரிக்கத் தேங்காக் கதம்பை ஏத்திட்டுப் போனீரே?" என்றான் இன்னொரு வள்ளக்காரன் செல்வதாஸ்.

"கண்ண மூடிக்கிட்டுத்தான் போனேன்."

"கண்ண மூடிக்கிட்டா!"

"அது தொழில், வேற வழியில்ல. சோறு தின்னப் போறப்பயும் பயந்து சாகணுமா? இக்கரையில கெட்டுங்க."

"பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாலு பேரு ஒண்ணு சொன்னா இவரு வேற ஒண்ணு சொல்லணும், அவ்வளவுதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அவரைத் தள்ளிவிட்டுக் கட்டவும் வழியில்லை. வள்ளக்காரர்கள் பொதுவில் எதைக் கட்டினாலும், வள்ளத்துக்கு ஒன்றாக ஊன்றுகிற கழுக்கோலைக் கொடுத்து, அதைத்தான் கூரைக்குப் போடுவார்கள். ஒரு கோல் குறைந்தாலும் அது பொதுப்புரை ஆகாது. ஞானையனோ தன் கோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

செய்தி அவருக்கு முன்னாலேயே குளச்சலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கூரை ஓடு வியாபாரம் செய்கிற முதலாளி, "தண்ணிக்குப் பயந்த ஆளுக்க வள்ளத்துல எனக்க சரக்கை ஏத்தமாட்டேன்" என்று அந்த மாத லோடு முழுவதையும் செல்வதாஸுக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் மனைவி ஜெயபாய் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"ஊருல தல காட்ட முடியல்ல. வள்ளக்காரன்னு நம்பித்தானே எனக்க அப்பன் என்னைய ஒமக்குக் கெட்டித் தந்தாரு?"

ஞானையனுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் கோலை விடவில்லை.

கடைசியில் குமாரதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "இக்கரையிலயே கெட்டித் தொலைங்கடே!"

அன்றைக்கே ஞானையனின் கோல் வந்து சேர்ந்தது.

ஈஸ்டர் மறுநாள் புரை நிறைய ஆள். அவித்த மரச்சீனிக் கிழங்கு மலைபோலக் கிடந்தது. பூங்கனி மீன்கறிச் சட்டியோடு நடந்தே வந்தாள். இறக்கி வைத்தவள் திரும்பிப் போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லார் இலையிலும் கறி விளம்பினாள். பிறகு தானும் ஒரு இலையைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு கடலில் சேர்கிற பொழிமுகத்தில் வள்ளம் கவிழ்ந்து புருஷன் போனதிலிருந்து, அவள் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

"பயப்படாம இரியும் அண்ணாச்சி! இங்க கை கழுவத்தான் தண்ணி" என்று எதிரே இருந்த ஞானையனைச் சீண்டினாள். புரையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கும் அப்பிடித்தான் அண்ணாச்சி. அவரு போனதுக்கப்புறம் வள்ளத்துல கால வச்சாலே நெஞ்சு அடைக்கும். வள்ளக்காரனுக்க பெஞ்சாதி இத வெளிய சொன்னா சிரிக்க மாட்டாளுவளா? ஆடு, கோழின்னு எதையாவது சொல்லிச் சமாளிச்சேன். ஒமக்கே பயம்னு கேட்டப்பதான், நான் ஒருத்தி மட்டுமில்லன்னு ஆறுதலாச்சு."

"ஆமா பிள்ளே, பொல்லாத பயம்" என்றபடி ஞானையன் இன்னொரு மரச்சீனித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து இலையில் குமாரதாஸின் கை அப்படியே நின்றுவிட்டது. கை கழுவப் போன இடத்தில் ஞானையனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே ஞானையா, இவளுக்காகவா இம்புட்டுக் கூத்து? லோடு போச்சு, ஊரே சிரிச்சுது. அன்னைக்கே கூட்டத்துல, 'பூங்கனிக்காக இக்கரையில கெட்டுவோம்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒருத்தனாவது மறுத்திருப்பானா?"

ஞானையன் தோளில் கிடந்த துவர்த்தில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க ஒருத்தரும் மறுத்திருக்க மாட்டிய அண்ணே. ஆனா, பூங்கனிக்காகன்னு சொல்லிக் கெட்டின புரையில பூங்கனி வந்து இருந்திருப்பாளா?"