மூஞ்சிக்கு விலை

வேலை போன பிறகு என் மனைவி நெரிடாவுக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. கண்டதையும் படமெடுத்து இணையத்தில் விற்கிறாளாம். பாதி கடித்த லாமிங்டன் கேக், துணி காயும் கொடி, பாலரட் நகரில் எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி!

“இதையெல்லாம் எந்த முட்டாள் காசு குடுத்து வாங்குவான்?” என்றேன்.

“அப்படியே இரு, கிளைவ். அந்த மூஞ்சி நல்லா இருக்கு,” என்று என்னையே ஒரு படம் எடுத்தாள்.

ஆளின் முகத்தை விற்க அந்த ஆளின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் ஒரு தாளை நீட்டுவாள்.

“நீயும் உன் வியாபாரமும்!” என்று படிக்காமலே கிறுக்கித் தருவேன்.

அவள் சமைத்ததை முகம் சுளித்துத் தள்ளும்போது ஒரு படம். விருந்தாளிகள் முன்னால் அவளை மக்கு என்று சொல்லிச் சிரிக்கும்போது ஒரு படம். எதையும் விடமாட்டாள்.

நேற்று தபால் பெட்டியில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் விளம்பரத் தாள் கிடந்தது. அதில் பெரிதாக என் முகம்! கீழே, ‘இந்த மாதிரி ஆளோடா குடித்தனம் நடத்துகிறீர்கள்? எங்களிடம் வாருங்கள்.’

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அடிப்பாவி, கடைசியில என்னையும் வித்துட்டியே! எவ்வளவு குடுத்தாங்க?”

“காசு வாங்கலை. அதுக்குப் பதிலா என் விவாகரத்தை இலவசமா நடத்தித் தர்றாங்க.”

நான் வாயைப் பிளந்தேன். நெரிடா கேமராவைத் தூக்கினாள்.

“அப்படியே இரு, கிளைவ். இந்த மூஞ்சி மட்டும்தான் எங்கிட்ட இல்லை.”