கோட்டில் ஏறும் மேடு

பாண்டுங் நகரத்து மதிய வெயில் கூரைத் தகரத்தில் காய்கிறது. பின்னறையில் மின்விசிறி ஓடவில்லை. பழைய பொருள் சந்தையில் வாங்கிய, கடிகாரம்போலச் சீராகத் துடிக்கும் குவார்ட்ஸ் அலையியற்றிப் பெட்டியின் துடிப்பு பிசகாமல் இருக்கிறதா என்று யயாட் வாரக்கணக்காக அளக்கிறார். சூடு இம்மி மாறினாலும் கணக்கு கெட்டுவிடும். தொழுகை முடிந்ததும் வழக்கம்போல வந்து, பெட்டிமேல் குனிந்து திரையைப் பார்க்கிறார். தட்டையாக ஓட வேண்டிய துடிப்புக் கோட்டில் இன்றும் அதே மேடுகள். எரியும் கண்களைக் கசக்கிக்கொள்கிறார். அவர் மனைவி நெநெங் வாசலில் நின்று தலைத்துணி நுனியால் விசிறிக்கொள்கிறாள். "அடுப்புகூடப் பத்த வைக்காம பச்சைக் கீரையும் மிளகாய்ச் சம்பலுமா தின்னுக்கிட்டிருக்கோம். உங்க பெட்டிக்குக் காத்து ஆகாது, சூடு ஆகாது. நீங்க மட்டும் ஆகுமாக்கும்?" யயாட் திரையை மறுபடி பார்க்கிறார். ஒவ்வொரு மேடும் ஒரு தொழுகை நேரத்தை அடுத்தே நிற்கிறது. குனிந்தபடியே இருக்கும் அவருடைய உடம்புச் சூட்டில், கோடு மெல்ல ஏறத் தொடங்குகிறது.