உடைப்பில் படுத்தவர்

மழையில் வாய்க்கால் கரை உடைந்து, கதிர் பிடித்த வயல்களுக்குள் தண்ணீர் பாய்ந்தது. எந்த அதிகாரியும் போனை எடுக்கவில்லை. ஊராட்சித் தலைவர் பொன்னுரங்கம் வெள்ளை வேட்டியோடு இறங்கி உடைப்பின் குறுக்கே படுத்தார். தேர்தலில் நிற்பதற்கு முன்பெல்லாம் கரை உடைந்தால் அவர்தான் இப்படிப் படுப்பார். மற்றவர்கள் அவர் முதுகில் சேற்றை அள்ளிப் போட்டு அடைத்து, கடைசியில் அவரை உருவி எடுப்பார்கள்.

"மண்ணப் போடுங்கடா!"

மண்வெட்டியோடு நின்றவர்கள் அசையவில்லை.

"தலைவர் மேல எப்படிங்க போடுறது?" என்றான் பக்கத்து வயல் சடையன்.

"நான் ஒன் பங்காளிடா!"

சடையன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான். "மேல வாங்க தலைவரே. கலெக்டருக்கு ஒரு போன் போடுங்க."

தண்ணீர் அவரைத் தாண்டி வயலுக்குப் போனது. யாரோ ஓடிவந்து அவர் தலைக்கு மேல் குடை பிடித்தார்.